கடைசியாக பஞ்ச் பண்ணியவள்

எங்கள் கம்பெனி கேண்டீனில் ஒரு டிவி உண்டு. படம் மட்டும் ஓடும், சத்தம் வைக்க மாட்டார்கள். சத்தம் வைத்தால் சாப்பிட்டு எழுந்திருக்க நேரமாகிவிடுமாம். சட்டசபை நடக்கிற நாட்களில் சரியாக எங்கள் சாப்பாட்டு நேரத்துக்கு அந்தக் காட்சி வரும். வெள்ளை வேட்டிக்காரர்கள் வரிசையாக வெளியே வருவார்கள், கீழே 'வெளிநடப்பு' என்று எழுத்து ஓடும். வெளியே மைக் காத்திருக்கும், மைக்குக்குப் பின்னால் கார் காத்திருக்கும். மறுநாள் அதே ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"வாக்-அவுட்டுன்னா இதாண்டி வாக்-அவுட்டு. ஏசி ரூம்லேந்து ஏசி காருக்கு" என்பேன். மேஜையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு வாய் நீளம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பென்னலூரில் எங்கள் தெருவில் "அது வாயா, லாரி ஹாரனா" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த வாய் எப்போது திறந்தது, எப்போது மூடிக்கொண்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிட்டால் பாரம் குறையும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை.

கோபித்துக்கொண்டு எழுந்து போவது எங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. என் கல்யாணத்தில் என் சின்ன மாமா செய்தார். சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்துக்கு வந்திருந்தோம். மேடையில் மைக் பிடித்தவர் தாய்மாமன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மாலை போடச் சொன்னார். மூன்று பேரில் இவர் பெயரை விட்டுவிட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்த பந்தில நான் கை நனைக்க மாட்டேன்" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன் செருப்பைப் பத்து நிமிஷம் தேடினார். செருப்பு எதிரிலேயே கிடந்தது. மேடையில் மாலையோடு நின்ற எனக்கே தெரிந்தது.

அப்பா பின்னாலேயே ஓடினார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மாமா வந்து உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த நேரத்தில் ஒரு ஆமை திருவள்ளூர் போய்ச் சேர்ந்திருக்கும். பின்னால் ஓடி வர ஆள் உண்டு என்று தெரிந்தவர்தான் அப்படி நிதானமாகக் கோபப்பட முடியும். அன்றைக்கு இதை நான் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

நான் வேலை செய்வது ஒரகடத்தில். காருக்குள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கிற கம்பெனி. ஆள் உயரப் பலகைகள் ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பலகை நம்மைத் தாண்டிப் போவதற்குள் நம் வேலையை முடித்திருக்க வேண்டும். நான் ஒயரைச் சொருகுவேன், எனக்கு அடுத்தவள் அதன்மேல் டேப் சுற்றுவாள். லைனில் நாற்பது பேர், எல்லோரும் பெண்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. நிற்கிற இடத்துக்கு என்ன நம்பரோ அதுதான் பெயர். நான் பதினாறு. அவள் பதினேழு.

பதினேழு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். வடக்குப்பட்டில் ஒரு அறையில் நான்கு பெண்களோடு தங்கியிருந்தாள். வந்த புதிதில் அவள் பேசுவதே எனக்குப் பாதி புரியாது. நான் பேசுவது அவளுக்கு முக்கால்வாசி புரியாது. "இன்னாடி" என்றால் திட்டுகிறேன் என்று நினைத்துக் கண் கலங்குவாள். ஆனால் டேப் சுற்றும்போது அந்தக் கையைப் பார்க்க வேண்டும். ஒரு சுருக்கம் இருக்காது. நான் தாமதமாகச் சொருகினால் தன் நேரத்தில் கொஞ்சம் எனக்கு விட்டுக்கொடுத்து, மிச்ச நேரத்தில் வேகவேகமாகச் சுற்றி முடித்துவிடுவாள். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மூன்று வருஷம் இப்படி என் பக்கத்தில் நின்றாள்.

அவள் புருஷனை விட்டுவிட்டு வந்தவள். அதை எங்களிடம் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள்.

"அடிக்கல்லாம் மாட்டாவக்கா. வேலைக்குப் போகும்போது வெளிய பூட்டிட்டுப் போவாவ. சாயங்காலம் வந்துதான் தெறப்பாவ. போனையும் கொண்டுட்டுப் போயிருவாவ. ஒரு நாளு பூட்ட மறந்துட்டாவ. அன்னைக்கி வந்துட்டேன்."

"அப்படியே வந்துட்டியா?"

"அடுப்புல சோறு கொதிச்சிக்கிட்டு இருந்துச்சி. அத வடிச்சி வச்சிட்டு, அடுப்ப அணைச்சிட்டு, கதவச் சாத்திட்டுத்தான் வந்தேன்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஓடிப் போகிறவள் சோறு வடித்துவிட்டா போவாள் என்று நான்தான் பெரிதாகச் சிரித்தேன். சட்டசபைக்காரர் எழுந்து போனால் வெளிநடப்பு, மாமா எழுந்து போனால் கோபம், இவள் எழுந்து வந்தால் 'வாழாம வந்துட்டவ'. இங்கிலீஷ்காரன் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறானாம். பன்னிரண்டாவது படிக்கிற என் மகள் சொன்னாள். அந்த ஊரில் செய்கிற எல்லோருக்கும் ஒரே மரியாதையா என்பது எனக்குத் தெரியாது. இங்கே இல்லை.

அவளுக்கு அப்பா மட்டும் இருந்தார். மகளைத் திட்டவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. "வேல இருக்கிற மட்டும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வேல போச்சின்னா நீ போவேண்டியது அவன் வீட்டுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். ஆக, அவளுக்கு இந்த வேலைதான் எல்லாம். டிரெய்னியாகச் சேர்ந்து மூன்று வருஷம் முடியப் போகிறது. அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குகிற கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடிதம் கைக்கு வந்ததும் தனியாக ஒரு அறை பிடிப்பேன் என்பாள். உள்ளே தாழ்ப்பாள் வைத்த அறை என்று குறிப்பாகச் சொல்வாள்.

இப்போது டோக்கன் கதை. லைனில் நிற்பவர்கள் பாத்ரூம் போக இரண்டு நீல டோக்கன்கள். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். டோக்கன் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், இல்லையென்றால் அது திரும்பி வரும் வரை நிற்க வேண்டும். இதற்கே பழகிவிட்டோம். புதிதாக வந்த சூப்பர்வைசர் அதோடு விடாமல், யார் எத்தனை நிமிஷம் என்று போர்டில் நம்பர் போட்டு எழுத ஆரம்பித்தான். காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசும் மீட்டிங்கில் அதைப் படித்தும் காட்டுவான்.

அன்றைக்குக் காலை போர்டில் பதினேழு என்று எழுதி, பக்கத்தில் பதினொன்று என்று போட்டு, சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். "பதினேழு, நேத்து பதினோரு நிமிஷம். உள்ள இன்னாமா பண்ற? தூங்கினு கீறியா?" என்றான். பரிசோதனைப் பிரிவு ஆண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு மாதத்தின் அந்த நாட்கள். எனக்குத் தெரியும், லைனில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பத்தரை மணிக்கு மேல் டோக்கன் கேட்டுப் போனாள். டோக்கன் ஆணியில்தான் தொங்கியது. அவன் தரவில்லை. "இன்னா விசயம்னு சொல்லிட்டு எடுத்துக்கினு போ" என்றான். அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், சுற்றி ஆண்கள் நிற்கிறார்கள். திரும்பி வந்து பலகையில் டேப்பை எடுத்தாள். அவளுடைய வெளிர்நீல மேல்கோட்டில் பின்பக்கம் கறை பட்டிருந்தது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கையிலிருந்த ஒயரை வீசி எறிந்தேன். "யோவ், நீயும் ஒரு பொம்பள வயித்துலதான பொறந்த?" என்று கத்தினேன். பிறகு லைனைப் பார்த்துக் கத்தினேன். "கைய எடுங்கடி எல்லாரும். போதும் வேல செஞ்சது. வாங்க வெளிய. வாக்-அவுட்டு!"

அந்த வார்த்தை எப்படி வந்ததென்று தெரியவில்லை. டிவியைப் பார்த்துக் கிண்டலடித்த வார்த்தைதான் வந்தது. கேட்டதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆனால் வந்தார்கள். நாற்பது பேரும் வந்தார்கள். என் மேல்கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டேன். பலகைகள் யாரும் இல்லாமல் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. சொன்னால் என்ன, அந்த இரண்டு நிமிஷம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் இரண்டு வழி உண்டு. ஒன்று பெரிய கேட், தீ விபத்து ஒத்திகையின்போது திறப்பார்கள். எங்களைக் கூட்டமாகப் பார்த்ததும் செக்யூரிட்டி அண்ணன் பயந்து அதை அகலமாகத் திறந்து வைத்துவிட்டார். இன்னொன்று பக்கத்தில் இருக்கிற சின்ன வழி. அங்கேதான் பஞ்ச் மிஷின். கழுத்தில் தொங்கும் கார்டைக் காட்டினால் பீப் என்று சத்தம் வரும், ஒவ்வொருவராகப் போக வேண்டும்.

நாங்கள் எந்த வழியாகப் போனோம் தெரியுமா? சின்ன வழியாக. வரிசையில் நின்று. கார்டைக் காட்டி.

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. பஞ்ச் பண்ணாமல் வெளியே போனால் 'மிஸ் பஞ்ச்' என்று கம்ப்யூட்டரில் விழும். அதைச் சரிசெய்ய ஒரு படிவத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக இரண்டு நாள் அவன் பின்னால் அலைய வேண்டும். எங்கள் எல்லோருக்கும் பேயைவிட அந்தப் படிவத்தின் மேல்தான் பயம். பெரிய கேட்டை நோக்கிப் போன கூட்டத்தைக் கையை நீட்டி மறித்து, "பஞ்ச் பண்ணிட்டு போங்கடி! இல்லாங்காட்டி அந்தாள் கையெழுத்துக்கே போய் நிக்கணும்" என்று சின்ன வழிக்குத் திருப்பிவிட்டது யார்? நான்தான். எவனை எதிர்த்து வெளியே போகிறோமோ அவனிடமே நாளைக்குக் கையெழுத்துக்கு நிற்கக் கூடாது என்று பெரிய மூளையோடு யோசித்தேன்.

பதினேழுதான் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். "நீ மொதல்ல போ, சீக்கிரம் பாத்ரூம் போணுமில்ல" என்று அவளை முன்னால் தள்ளிவிட்டேன். வெளியே செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் ஒரு பாத்ரூம் உண்டு. அவள் கார்டைக் காட்டினாள். பீப். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகக் காட்டினார்கள். நான் கண்டக்டர் மாதிரி ஓரமாக நின்று கையை ஆட்டி எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகப் பஞ்ச் பண்ணினேன்.

வெளியே வந்த பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. கம்பெனி பஸ் இரண்டரை மணிக்கு முன்னால் வராது. ஒரகடம் ரோட்டில் நிழல் என்று ஒன்று கிடையாது. கண்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றும் போகும்போது மண்ணை வாரி மூஞ்சியில் அடித்துவிட்டுப் போயின. எங்களுக்கு மைக்கும் இல்லை, காரும் இல்லை. கால்வாய்க் கட்டையில் கோழிகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக்கு போன் போட்டு மாமியாரிடம் சாதாரணமாகப் பேசினாள், டீ பிரேக் என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து மேனேஜர் வந்தார். பின்னால் வர ஒரு ஆள் இருக்கிறாரே என்று எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல மாதிரியாகப் பேசினார். டோக்கன் இனிமேல் இல்லை, போர்டில் எழுதுவது இல்லை, சூப்பர்வைசரை வேறு லைனுக்கு மாற்றுகிறோம், உள்ளே வாருங்கள் அம்மா என்றார். நாங்கள் கை தட்டினோம். உள்ளே போனோம், போகும்போதும் வரிசையில் நின்று பஞ்ச் பண்ணினோம். ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தேன்.

நான்காம் நாள் விசாரணை ஆரம்பித்தது. ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் பஞ்ச் மிஷினிலிருந்து எடுத்த தாள் இருந்தது. யார் எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எத்தனை வினாடிக்கு வெளியே போனார்கள் என்று வரிசையாக இருந்தது. பெரிய கேட் வழியாக மந்தையாகப் போயிருந்தால் யார் முன்னே யார் பின்னே என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. நாங்களே வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

எல்லோரிடமும் ஒரே கேள்விதான். ஏன் போனீர்கள்? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "எனக்கு முன்னாடி இருந்தவங்க போனாங்க சார், நானும் போனேன்." யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. தப்பித்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் நாற்பது பேரும் முன்னால் இருந்தவளைக் கை காட்டினால் அந்தக் கை கடைசியில் எங்கே போய் நிற்கும்? அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மரியாதையாகப் பேசுவார். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வாசல் கேமராவில் பதிந்ததைக் காட்டினார். அதிலும் சத்தம் இல்லை. கூட்டம் பெரிய கேட்டுக்கு வருகிறது. நான் இரண்டு கையையும் நீட்டி மறிக்கிறேன். வாயைத் திறந்து திறந்து என்னவோ கத்துகிறேன். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறது, சின்ன வழி அந்தப் படத்தில் விழவில்லை. கடைசியில் தனியாக நான் நிற்கிறேன்.

"நீங்க தடுக்கத்தான் பாத்திருக்கீங்க, இல்லைங்களா?" என்றார். "சீனியர்ன்னா இப்படித்தாங்க இருக்கணும். கடைசி வரைக்கும் நின்னிருக்கீங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது. நான் தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

"இந்த வாக்-அவுட்டுங்கிற வார்த்தைய மொதல்ல சொன்னது யாருங்க? ரெண்டு மூணு பேர் அப்படி ஒரு சத்தம் கேட்டதாச் சொல்றாங்க. யாருன்னு மட்டும் தெரியலைன்னுட்டாங்க. சூப்பர்வைசரும் தான் அப்போ மேஜைல இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாருங்க."

அந்த வார்த்தை அந்த அறையில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? சட்டசபைக்காரர் தினம் செய்கிற காரியம். என் மாமா பாயசத்துக்கு முன்னால் செய்த காரியம். இங்கே அதை முதலில் சொன்னவர் யாரோ அவருக்கு வேலை இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் அப்போது முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாக வீட்டில் இருந்தார். இவை எல்லாம் உண்மை. ஆனால் அந்த நொடியில் இவற்றை நான் நினைத்தேன் என்று சொன்னால் பொய். பயம்தான் இருந்தது. காரணங்களை எல்லாம் வீட்டுக்குப் போய்த்தான் தேடி எடுத்து அடுக்கினேன்.

"தெரியல சார். லைன் சத்தத்துல கேக்கல" என்றேன்.

லாரி ஹாரன் என்று பெயரெடுத்த வாய். அவர் தட்டச்சு செய்து கொடுத்த தாளைப் படித்தேன். கூட்டத்தைத் தடுக்க முயன்றதாகவும், வெளிநடப்பு பதினேழாம் இடத்தில் இருந்து தொடங்கியதாகவும், தொடங்கியவர் சொன்னது தனக்குக் கேட்கவில்லை என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கிறுக்கலாக இருக்கும். அன்றைக்கு மட்டும் அழகாக வந்தது.

டிரெய்னிகளை வேலையை விட்டு நீக்க வேண்டியதில்லை. 'பயிற்சி முடிந்தது' என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அந்த வாரக் கடைசியில் பதினேழுக்குக் கொடுத்தார்கள். நிரந்தரம் ஆக்குகிற கடிதம் வர வேண்டிய மாதத்துக்கு மூன்று நாள் முன்பு. லாக்கரைக் காலி செய்யச் செக்யூரிட்டியோடு லைன் ஓரமாக நடந்து போனாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அவளுடைய டிபன் டப்பாவும் செருப்பும். என்னைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள், போயிட்டு வாரேன் என்கிற மாதிரி.

நான் பலகையை விட்டு நகரவில்லை. எனக்குப் பதில் நிற்க ஆள் இல்லை, ஒயர் சொருகாமல் விட்டால் அடுத்தவள் திண்டாடுவாள். இதுவும் உண்மைதான். ஆனால் அடுத்து இருந்த இடம் காலியாகத்தானே இருந்தது? என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடினார், பாயசம் குடிக்கப் போகிற ஒரு ஆளுக்காக. நான் ஐம்பது அடி நடக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இருபத்திரண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன் பேர யாருமே சொல்லலக்கா. எல்லாரும் பேசி வச்சிக்கினோம்" என்றாள். என்னைக் காப்பாற்றியதாகச் சந்தோஷப்பட்டாள். அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அவள்மேல் என்ன தப்பு? மேலே டிவியில் யாரோ வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கிண்டலை நான் செய்ததில்லை.

மேனேஜர் வாக்குக் கொடுத்தபடி டோக்கனை எடுத்துவிட்டார்கள். பாத்ரூம் கதவில் ஒரு சின்ன மிஷின் வைத்தார்கள். போகும்போது கார்டைக் காட்ட வேண்டும், வரும்போது காட்ட வேண்டும். போர்டில் யாரும் எழுதுவதில்லை, அதுவே எழுதிக்கொள்கிறது. இந்த வருஷம் எனக்கு நல்ல ஊழியர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம், இரண்டாம் ஷிப்ட் டீ பிரேக்கில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான்தாங்க்கா, பதினேழு பேசுதேன்."

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"இருக்கேங்க்கா. அப்பாதான் கொண்டாந்து விட்டாவ. இது அடுத்த வீட்டு அக்கா போனு. சன்னல் வழியாத் தருவாவ." சிரித்தாள். "இங்கன டோக்கன்லாம் கெடையாதுக்கா. பாத்ரூமு வீட்டுக்குள்ளயே இருக்கு."

சன்னல் வழியாக என்றால் கதவு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேங்க்கா. அன்னைக்கி அந்த சாரு எங்கிட்ட எவ்வளவோ கேட்டாவ. கத்துனது யாருன்னு சொல்லிட்டா ஒன்ன விட்டுருதோம்னாவ. நான் சொல்லல. யாரும் சொல்லல, நானாத்தான் எந்திச்சிப் போனேன்னுட்டேன். ஒங்களுக்கு ரெண்டு பிள்ளைய இருக்குல்லா."

வாசலில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நீங்களும் எனக்காவ அந்த ரூம்ல சண்ட போட்டிருப்பிய. எனக்குத் தெரியும்க்கா. ஒங்க வாயி பத்தி எனக்குத் தெரியாதா? போட்டிய இல்ல?"

"போட்டேன்டி" என்றேன்.

"அது போதும்க்கா. பூட்டு சத்தம் கேக்கு, அவிய வந்துட்டாவ, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள்.

பிரேக் முடிந்து பெல் அடித்தது. கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். அடுத்த வீட்டு அக்காவின் அந்த நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை.